கரை தெரியும் முன் கடைசி 300 கடல் மைல்

கலாபகோஸ் தீவுகளிலிருந்து மேற்கே கிளம்பும் பாய்மரப் படகுக்கு அடுத்த மண் ஏறக்குறைய 3,000 கடல் மைலுக்கு அப்பால் இருக்கிறது. உலகைச் சுற்றும் சிறு படகுகள் வழக்கமாகப் போகும் பாதையில், இடையே ஒதுங்க ஒரு தீவுகூட இல்லாத மிக நீண்ட ஓட்டங்களில் இதுவும் ஒன்று. போய்ச் சேரும் இடம் பிரெஞ்சுப் பாலினேசியாவைச் சேர்ந்த மார்கேசாஸ் தீவுக்கூட்டம். பெரும்பாலான படகுகள் முதலில் நங்கூரம் போடுவது ஹிவா ஓவா தீவில், அட்டுவோனா ஊரை ஒட்டிய தஹாவுக்கு விரிகுடாவில். 12 மீட்டர் நீளமுள்ள படகு சராசரி 6 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 6 கடல் மைல் வீதம், இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 144 மைல். மொத்தம் 21 நாள்.

இந்த 21 நாளிலும் ஆபத்து ஒரே அளவாக இருப்பதில்லை. நடுக்கடலில் முட்டிக்கொள்ள எதுவும் இல்லை. பத்து மைல் வழி தவறினால் ஒன்றிரண்டு மணி நேரம் வீணாகும், அவ்வளவுதான். கரைக்கு அருகே அதே பத்து மைல் பிழை படகைப் பாறையில் ஏற்றிவிடும். இன்னொன்றும் உண்டு. எஞ்சின், நங்கூரம், சங்கிலி, அதை இழுக்கும் நங்கூர வின்ச், ஆழமானி என்று மூன்று வாரம் பெரும்பாலும் சும்மா கிடந்த பொருள்கள் அனைத்தும் கடைசியில் ஒரே மணி நேரத்தில் பழுதில்லாமல் வேலை செய்தாக வேண்டும். மூன்று வாரம் ஓயாமல் உழைத்த கயிறுகளும் பாய்களும் ஆட்களும் அந்த மணி நேரத்தில்தான் மிகவும் களைத்திருக்கிறார்கள். நீண்ட கடற்பயணத்தின் கடைசி இரண்டு நாள் தனியாகத் திட்டமிட வேண்டிய ஒன்று என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

முதலில் தீர்க்க வேண்டியது எத்தனை மணிக்குக் கரை சேர்வது என்பது. தெரியாத விரிகுடாவுக்குள் இருட்டில் நுழையக் கூடாது என்ற விதிக்கு ஜி.பி.எஸ். வந்த பிறகும் விலக்கு கிடையாது. விளக்கில்லாத படகும், நீர்மட்டத்தில் மிதக்கும் நங்கூரக் கயிறும், கரையில் உடையும் அலையும் எந்த வரைபடத்திலும் தெரியாது. ஆகவே காலை எட்டு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் நடுவில் நுழைவாயிலில் இருக்க வேண்டும். கணக்கு எளிது, ஆனால் அது விடும் இடைவெளி மிகக் குறுகியது. செவ்வாய் காலை 6 மணிக்கு 300 மைல் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். 6 நாட்டில் ஓடினால் 50 மணி நேரம். வியாழன் காலை எட்டுக்குச் சேரலாம். 6.5 நாட்டில் போனால் வியாழன் அதிகாலை நாலு, கும்மிருட்டு. 5 நாட்டுக்கு இறங்கினால் வியாழன் மாலை ஆறு, சூரியன் மறைந்திருக்கும். வியாழன் பகலில் சேர வேண்டுமென்றால் இரண்டு நாள் சராசரி 5.4-க்கும் 6-க்கும் நடுவில் நிற்க வேண்டும். காற்று கொஞ்சம் தளர்ந்தாலே அது தவறிவிடும். அப்படித் தவறும் என்று தெரிந்தால், வெள்ளி காலை ஒன்பது மணியைக் குறியாக வைத்து செவ்வாய்க்கிழமையே வேகத்தை 4 நாட்டுக்குக் குறைத்துவிடுவது நல்லது. ஓடும் வரை ஓடிவிட்டுக் கடைசி இரவில் தீவின் வாசலில் தத்தளிப்பதைவிட, தூரத்திலேயே மெதுவாகப் போவது எல்லா வகையிலும் பாதுகாப்பு.

இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் வழுக்கும். ஒன்று கடிகாரம். கலாபகோஸ் நேரம் உலக நேரத்துக்கு (UTC) 6 மணி பின்னால். மார்கேசாஸ் நேரம் ஒன்பதரை மணி பின்னால். நம்முடைய ஐந்தரை மணி போலவே அதுவும் அரை மணியில் முடியும் நேரம், இந்தியாவுக்குச் சரியாக 15 மணி பின்னால். கலாபகோஸ் நேரத்தை மாற்றாமல் வைத்திருக்கும் படகில் ஹிவா ஓவாவின் சூரியன் மே மாதத்தில் காலை ஒன்பது இருபதுக்குத்தான் உதிக்கும். காலை ஆறு மணி என்று கணக்கிட்டு வந்தவர் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருட்டில் நிற்க நேரிடும். கடைசி மூன்று நாளில் கடிகாரத்தைத் தீவின் நேரத்துக்குத் திருப்பிவிட்டால் இந்தக் குழப்பம் வராது. மற்றொன்று வேகமானி. படகின் அடியில் சுழலும் சிறு சக்கரம் நீரில் ஓடும் வேகத்தைத்தான் காட்டும். இந்தப் பாதையில் மேற்கே தள்ளும் நீரோட்டம் அரை நாட் முதல் ஒரு நாட்டுக்கு மேலும் இருக்கும். போதாக்குறைக்கு அந்தச் சக்கரத்தில் பாசியும் சிப்பியும் அடைத்திருக்கும். கணக்குக்கு எடுக்க வேண்டியது ஜி.பி.எஸ். காட்டும் தரைவேகம் மட்டுமே.

வேகம் குறைப்பதும் ஒரு வேலைதான். காற்று பின்னாலிருந்து வீசும்போது பாயை அளவுக்கு மீறிச் சுருக்கினால், படகைத் தாங்கிப்பிடிக்க விசை இல்லாமல் அது இடமும் வலமுமாக மோசமாக உருளும். 3 நாட்டுக்குக் கீழே போனால் பல படகுகளில் சுக்கான் சரியாகப் பிடிக்காது, தானியங்கிச் சுக்கான் திணறும். மெயின் பாயை இறக்கிவிட்டு முன்பாயை மட்டும் பாதி விரித்து ஓடுவது பெரும்பாலும் போதும். அதிலும் வேகம் அடங்கவில்லை என்றால் படகைக் கடலில் நிறுத்தி வைக்கலாம். மெயின் பாயை இரண்டு மூன்று மடிப்புச் சுருக்கி, முன்பாயில் ஒரு துண்டை மட்டும் விரித்து அதைக் காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்டி, படகின் மூக்கு காற்றை நோக்கித் திரும்பும்படி சுக்கானைப் பூட்டிவிட வேண்டும். முன்பாய் மூக்கை ஒரு பக்கம் தள்ள, சுக்கான் மறுபக்கம் தள்ள, படகு காற்றுக்குச் சாய்வாக அமைதியாக நிற்கும். அடுப்பில் வைத்த பாத்திரம் அசையாமல் இருப்பதை மூன்று வாரத்தில் முதல் தடவையாகப் பார்க்கலாம்.

ஆனால் நிற்கிற படகும் நகரும். காற்றோடு மணிக்கு ஒன்று ஒன்றரை மைல், அதோடு நீரோட்டம். தடக்காற்று தென்கிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வீசுகிறது. தீவு மேற்கே இருக்கிறது. ஆக, படகு நகர்வது நேராகத் தீவை நோக்கித்தான். 15 மைல் தள்ளி நிறுத்திவிட்டு எட்டு மணி நேரம் கண்ணயர்ந்தால் அந்த 15 மைலும் கரைந்துபோகும். 40 மைலுக்கு வெளியே நிறுத்துவதுதான் முறை. அங்கே நின்றாலும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஹிவா ஓவாவுக்குத் தென்கிழக்கே மோட்டானே என்ற ஆளில்லாத் தீவு கிடக்கிறது. வடக்கே ஃபாத்து ஹூக்கு என்ற சிறு பாறைத்தீவு. இரண்டும் இரவில் விளக்கில்லாத கருப்பு மொட்டைகளாக நிற்கும் என்று எண்ணிக்கொண்டுதான் வழி போட வேண்டும்.

கரை எவ்வளவு தூரத்தில் தெரியும்? மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 2.08-ஆல் பெருக்கினால் அந்த உச்சி எத்தனை கடல் மைலுக்குத் தெரியும் என்று வரும். பார்ப்பவரின் கண் உயரத்துக்கும் அதே கணக்கைப் போட்டுக் கூட்ட வேண்டும். ஹிவா ஓவாவின் உச்சி 1,200 மீட்டரைத் தாண்டும். அதற்கு 72 மைல். படகில் நிற்பவரின் கண் நீருக்கு இரண்டரை மீட்டர் மேலே இருந்தால் இன்னும் மூன்று மைல் சேரும். ஏட்டுக் கணக்கு 75 மைல் என்றாலும், தடக்காற்றுக் கடலின் புகைமூட்டத்திலும் மேகத்திலும் இருபது முப்பது மைலுக்கு வந்த பிறகே தீவு கண்ணில் படுவது சாதாரணம். மார்கேசாஸுக்குத் தென்மேற்கே உள்ள துவாமோத்துப் பவளத்தீவுகளில் அதே கணக்கைப் போட்டால்தான் அதன் அருமை புரியும். அங்கே உயரமானது தென்னை மரம். 18 மீட்டர் தென்னைக்கு 9 மைல், கண்ணுக்கு 3, மொத்தம் 12 தான். 6 நாட்டில் அது இரண்டு மணி நேர ஓட்டம். நீண்ட ஓட்டத்தின் முடிவை மார்கேசாஸில் வைத்துக்கொள்வதற்கு இது ஒரு வலுவான காரணம். உயரமான, செங்குத்தான, சுற்றிலும் பவளத்தடுப்பு இல்லாத தீவுகள் களைத்து வருபவர்களுக்கு எவ்வளவோ மேல்.

தீவு தெரியும் முன்பே அதன் அடையாளங்கள் தெரியும். எல்லா மேகங்களும் காற்றோடு ஓட, ஒன்று மட்டும் ஒரே இடத்தில் நின்றால் அதன் கீழே மலை இருக்கிறது. வெள்ளை ஆலா என்னும் கடற்பறவைகள் பகலில் கடலில் மீன் பிடித்துவிட்டு அந்தியில் தரைக்குத் திரும்பும். மாலையில் அவை பறக்கும் திசையைக் குறித்துக்கொள்ளலாம். காலையில் பார்த்தால் திசை தலைகீழ். இதெல்லாம் பாலினேசிய, மைக்ரோனேசிய மாலுமிகளின் பழைய அறிவு. 1976-இல் மைக்ரோனேசியாவின் சட்டவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக் ஒரு கருவியும் இல்லாமல் ஹோகுலேயா என்ற இரட்டைத்தோணியை ஹவாயிலிருந்து தாஹிட்டிக்கு வழிநடத்தியபோது, முதலில் தென்பட்டது துவாமோத்துவின் மட்டாய்வா. ஒற்றைத் தீவைக் குறிவைக்காமல், பல தீவுகள் பரந்து கிடக்கும் திரையைக் குறிவைத்து, ஏதேனும் ஒன்றைக் கண்டதும் இருக்குமிடத்தை உறுதி செய்வது அவர்கள் முறை. ஒரு சிறு விஷயம்: மண்வாசனை கடலிலேயே வரும் என்று பலர் காத்திருப்பார்கள். காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு வரும் படகுக்கு அது வராது. தீவின் மறைவுக்குள் நுழைந்த பிறகே ஈரமண்ணும் பூவும் விறகுப்புகையும் மூக்கில் ஏறும்.

மின்வரைபடத்தை நம்பலாமா என்றால், எந்த அளவில் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2014 நவம்பர் 29 அன்று, உலகைச் சுற்றும் வோல்வோ பாய்மரப் படகுப் பந்தயத்தில் கேப்டவுனிலிருந்து அபுதாபிக்கு ஓடிய வெஸ்டாஸ் விண்ட் படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் காராஜோஸ் பவளத்திட்டில் இரவில் ஏறியது. ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள். தேர்ந்த மாலுமிகள், சிறந்த கருவிகள். ஆனால் சிறிதாக்கிப் பார்த்த வரைபடத்தில் அந்தத் திட்டு வெறும் ஆழக்குறைவாகத் தெரிந்தது. மேலும் பெரிதாக்கியிருந்தால்தான் பாறை விரிந்திருக்கும். ஆகவே கடைசி 300 மைலின் பாதையை, கடலில் ஆற அமர உட்கார்ந்து, மிகப் பெரிய அளவில் அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்துவிட வேண்டும். தொலைதூரத் தீவுகளில் வரைபடத்தின் கரையும் உண்மைக் கரையும் சற்றே விலகியிருக்கலாம். ரேடாரில் விழும் கரைக்கோட்டை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் விலகல் உடனே தெரியும்.

அதோடு ஒரு பழக்கத்தையும் மாற்ற வேண்டும். பனாமாவும், கலாபகோஸ் சேர்ந்த எக்வடோரும், துறைமுக வழியைக் காட்டும் மிதவைகளுக்கு அமெரிக்கக் கண்டங்களின் முறையைப் பின்பற்றுகின்றன. அங்கே துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம் இருக்க வேண்டும். பிரெஞ்சுப் பாலினேசியாவில் சிவப்பு இடப்பக்கம். நடுக்கடலில் எங்கோ விதி தலைகீழாகிவிட்டது. களைத்த மூளை பழைய விதியைத்தான் எடுத்து வைக்கும். சுக்கான் அருகே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவதுதான் வழி.

இனி எஞ்சின். பயணம் முழுக்கப் படகு உருண்டுகொண்டே இருந்ததில் டீசல் தொட்டியின் அடியில் பல வருடமாகப் படிந்த கசடு கலங்கியிருக்கும். மின்கலத்தை ஏற்ற எஞ்சினைச் சும்மா ஓடவிடும்போது அது தெரியாது, ஏனென்றால் அப்போது டீசல் குறைவாகத்தான் இழுக்கப்படுகிறது. விரிகுடாவின் வாயில் அலையை எதிர்த்து முழு விசையில் ஓட்டும்போது வடிகட்டி அடைத்துக்கொண்டு எஞ்சின் நிற்கும். துறைமுக வாசலில் எஞ்சின் நிற்பதற்குத் தற்செயல் காரணமில்லை, நிற்க வேண்டிய இடமே அதுதான். முதல் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். டீசல் தெளிந்த தேன் நிறத்தில் இருக்க வேண்டும். அடியில் காப்பித்தூள் போன்ற துகளோ, கறுப்பு வழும்போ, உருண்டையாக அசையும் நீர்த்துளியோ தெரிந்தால் வடித்துவிட்டு வடிகட்டியை மாற்ற வேண்டும். எதுவும் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுவது நல்லது. மாற்றிய பிறகு குழாயில் புகுந்த காற்றை முழுவதும் வெளியேற்றி, ஒரு மணி நேரம் பளுவோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். கரையிலிருந்து 20 மைலுக்குள் வரும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

கியரை முன்னுக்கும் பின்னுக்கும் போட்டுப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. படகைத் தள்ளும் அடிவிசிறியில் கயிறோ மீன்வலைத் துண்டோ சுற்றியிருந்தால் இங்கே தெரியட்டும். கலாபகோஸில் அடிப்பாகம் சுத்தமாக இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள், ஆகவே அங்கிருந்து சுத்தமாகத்தான் கிளம்புகிறோம். ஆனாலும் மூன்று வாரத்தில் தண்டுச்சிப்பிகள் பின்பக்கத்தில் கொத்துக் கொத்தாக முளைத்துவிடும். ரப்பர் போன்ற பழுப்புத் தண்டு, நுனியில் நீலம் பாய்ந்த வெள்ளை ஓடு. நீர்க்கோட்டுக்கு மேலே, பூச்சு இல்லாத இடத்தில் இன்னும் அதிகம். அவை வேகத்தைக் குறைப்பதோடு எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர்த் துளையையும் அடைக்கும். எஞ்சினை இயக்கியதும் புகைக்குழாய் வழியே நீர் துப்புகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். துப்பவில்லை என்றால் அடைப்பு, அல்லது கடல்நீர்ப் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் ரப்பர் இதழ் கிழிந்திருக்கிறது. எஞ்சின் பிடிக்க மறுத்தால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை அழுத்தும் முன் கடல்நீர் வால்வை மூடிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பம்ப் இழுக்கும் நீர் புகைக்குழாய்ப் பெட்டியில் நிரம்பி சிலிண்டருக்குள் ஏறிவிடும். பிடித்த நொடியில் வால்வைத் திறக்க மறக்கக் கூடாது.

கயிறுகளுக்கு ஒரு பகல் ஒதுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஒரே பக்கக் காற்றில் ஓடியதால் உரசல் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்திருக்கும். பாயேற்றும் கயிறு பாய்மர உச்சியின் உருளை மேல் படும் இடம், முன்பாய்க் கயிறு அந்தப் பாயை விரித்துப் பிடிக்கும் கழியின் தாடைக்குள் ஓடும் இடம், மெயின் பாயின் அடியைத் தாங்கும் பூம் கட்டையை முன்னால் இழுத்துக் கட்டிய கயிறு திரும்பும் இடம் ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். உறை பஞ்சாகப் பிரிந்திருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டு முனையை மாற்றிக் கட்டலாம். பூம் கட்டை பாய்மரத்தோடு சேரும் மூட்டில் பின் நகர்ந்திருக்கிறதா, மேல்தளத்தில் அடையாளம் தெரியாத திருகோ வளையமோ உருண்டு கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிடந்தால் அது மேலிருந்து விழுந்தது. எங்கிருந்து என்று தொலைநோக்கியால் தேடிக் கண்டுபிடித்த பிறகே மற்ற வேலை.

நங்கூரத்தில் பெரும்பாலோர் சிக்குவது சங்கிலிப் பெட்டியில். நீண்ட உருளலில் சங்கிலிக் குவியல் சரிந்து, மேல்வளையம் அடிவளையத்துக்குள் மாட்டிக்கொள்ளும். பத்து மீட்டர் இறங்கியதும் அப்படியே நிற்கும். முந்தைய நாளே சங்கிலியை வெளியே இழுத்துத் திரும்பப் போட்டுவிட வேண்டும். கடல்நீர் புகாமல் சங்கிலித் துளையை அடைத்த துணியை எடுத்துவிட வேண்டும். உப்பில் இறுகிப்போன வின்ச்சின் பிடியைத் தளர்த்தி எண்ணெய் போட வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம் உள்ள படகுகள் தொட்டியையும் வெளியிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. தஹாவுக்குவில் ஆறு விழுகிறது. மழைக்குப் பின் நீர் தேநீர் நிறத்தில் கலங்கும், வடிகட்டிகள் தாங்காது.

ஆட்களின் நிலையும் மாறும். இரண்டு வாரமாக ஒரு கப்பலைக்கூடக் காணாத காவலர், அடிவானத்தை நிமிர்ந்து பார்ப்பதை எப்போதோ குறைத்திருப்பார். இப்போது ஏ.ஐ.எஸ். (இருப்பிடத்தைப் பிற கப்பல்களுக்கு அறிவிக்கும் கருவி) இல்லாத உள்ளூர் மீன்பிடிப் படகுகள் வருகிற இடம். கரை நெருங்கிய பரபரப்பில் தூக்கமும் வராது. பகலில் முறைபோட்டு வலுக்கட்டாயமாகப் படுக்க வைத்து, கடைசி இரவில் ஒருவருக்குப் பதில் இருவரை மேலே நிறுத்துவதுதான் சரி. கடைசி நாள் காலையில் எல்லோருக்கும் வயிறார உணவு கொடுத்துவிட வேண்டும். பசித்தவர் எடுக்கும் முடிவு பெரும்பாலும் அவசர முடிவாக இருக்கும்.

ஹிவா ஓவாவின் கிழக்கு முனையைச் சுற்றியதும் தென்கரையை ஒட்டிப் பத்து மைலுக்கு மேல் ஓட்டம் இருக்கிறது. முனைகளில் காற்று முடுக்கும், மலை மறைவில் திடீரென அடங்கும், பள்ளத்தாக்கு வாயில் மறுபடி அறையும். மெயின் பாயை அகலமான நீரிலேயே இறக்கிவிட வேண்டும். விரிகுடா தெற்கே திறந்திருப்பதால் தென்கடலிலிருந்து வரும் நெடிய அலை உள்ளே நுழையும். இடமும் சிறியது, அரானுயி சரக்குக் கப்பல் வந்து திரும்ப இடமும் விட வேண்டும். எனவே இங்கே படகுகள் ஒற்றை நங்கூரத்தில் சுழல்வதில்லை. மூக்கை அலைக்கு நேராக வைத்து முன்நங்கூரத்தை இறக்கி, வேண்டிய நீளத்தைவிடக் கூடுதலாகச் சங்கிலி விட்டுப் பின்னால் போய், பின்நங்கூரத்தை விட்டு, மறுபடி முன்சங்கிலியை இழுத்து இரண்டும் இறுகும்படி நடுவில் நிற்க வேண்டும். பின்நங்கூரக் கயிறு மிதக்கும் வகையாக இருந்தால் பக்கத்துப் படகின் விசிறியில் சிக்கும். மூழ்கும் கயிறுதான் வேண்டும்.

நுழைவு அனுமதி கேட்கும் மஞ்சள் கொடியை ஏற்றிவிட்டு, அட்டுவோனா காவல் நிலையத்தில் நுழைவுப் பதிவு முடியும் வரை அதை இறக்கக் கூடாது. ஆனால் படகை விட்டு இறங்கும் முன் ஒரு வேலை பாக்கி. கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் பிடித்து, அரை மணி நேரம் அந்தக் கோடு நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நங்கூரமும் இறுகிய பிறகும் மரமும் பாறையும் அதே கோட்டில் நின்றால், எஞ்சினை நிறுத்தலாம்.